நண்டு செவுள்வழி இழுப்பது "உண்ணல்" ஆகுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நுண்நெகிழி (மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்) நீர்வாழ் உயிரிகளுக்குள் போவது பற்றிய நம் கலைச்சொல் தொகுப்புக்கு நண்பர் ஒருவர் இப்படித் தலைப்பு சொல்லியிருந்தார்:

> "நீர்வாழ் உயிரிகளின் நுண்நெகிழி உண்ணல்" என்றே தலைப்பை வைத்துவிடலாம். எளிமை, மாணவருக்கும் புரியும்.

ஐயா, எளிமை சரிதான். ஆனால் இந்தச் சொல் பாதி விஷயத்தை வெளியே தள்ளிவிடுகிறது.

நுண்நெகிழியா, நுண்பிளாஸ்டிக்கா என்ற பழைய வழக்கை நான் மறுபடி திறக்கவில்லை. 2004இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் குழு வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு microplastics என்ற ஆங்கிலப் பெயர் பரவியது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை என்ற வரம்பு 2008இல் அமெரிக்காவில் நடந்த பட்டறைக்குப் பின் நிலைத்தது. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆள் அடையாளம் தெரிகிறது, போதும். புணர்ச்சி பார்ப்பவர்கள் "கண்ணீர்" மாதிரி "நுண்ணெகிழி" என்று எழுதிக்கொள்ளட்டும்.

சிக்கல் அடுத்த சொல்லில்தான். கரை நண்டை எடுத்துக்கொள்வோம். 2014இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில நண்டுகளுக்கு 8 முதல் 10 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோமீட்டர்) அளவுள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணிகள் ஏறிய மட்டி (சிப்பி வகை) சதையை உணவாகக் கொடுத்தார்கள். வேறு சில நண்டுகளை அதே மணிகள் கலந்த நீரில் விட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் நண்டு மூச்சுக்காக இழுத்த நீரோடு மணிகள் செவுளில் போய்ச் சிக்கின. உணவோடு போனவை குடலில் 14 நாள் வரை தென்பட்டன. செவுளில் சிக்கியவையோ 21 நாள் வரை. வாய்ப்பக்கமே போகாத மணிதான் அதிக நாள் தங்கியிருக்கிறது! இதை "உண்ணல்" என்று எப்படி எழுதுவது?

"உண்ணல்" என்றாலே விலங்கு அதைத் தேடிப் போய்த் தின்கிறது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். மீன்குஞ்சுகள் இயல்பான இரையை விட்டு நுண்நெகிழியை விரும்பித் தின்கின்றன என்று 2016இல் சுவீடனிலிருந்து வந்த கட்டுரை உலகம் முழுக்கச் செய்தியானது. மறு ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. செய்தி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் கலைச்சொல்லும் அதற்குத் துணைபோக வேண்டாம்.

ஆகவே எல்லா வழிக்கும் பொதுவாக உள்ளெடுப்பு. இலங்கைப் பாடநூல்களில் "உள்ளெடுத்தல்" உணவை உள்ளே கொண்டுபோவதைக் குறிக்கும் என்று அக்கா போன மடலில் சொன்னது உண்மைதான். ஆனால் வேர் பொதுவானது, வாயோடு கட்டுப்பட்டதல்ல. வாய்வழி மட்டும் என்றால் விழுங்கல். மூச்சுநீரோடு வந்தால் செவுள்வழி உள்ளெடுப்பு. இலங்கையில் செவுளைப் "பூ" என்பதால் அங்கே "பூவழி" ஆகும், படிக்க அழகாகவே இருக்கிறது. கோப்பிபாட் போன்ற மிதவை உயிரிகளின் ஓட்டிலும் கால்மயிர்களிலும் துகள்கள் ஒட்டிக்கொள்வதை புறவொட்டல் எனலாம். "புறத்துறிஞ்சல்" வேண்டாம், ஒரு பொருளின் பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டுவதற்கு அது வேதியியலில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

அப்புறம் மட்டி. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே சுவையான இடம் இதுதான். மட்டி நீரை வடிகட்டும்போது செவுளில் படிவதையெல்லாம் விழுங்கிவிடுவதில்லை. வாயருகே உள்ள மடல்கள் துகள்களைத் தரம் பிரிக்கின்றன. வேண்டாதவை சளியில் சுற்றப்பட்டு, உணவுக்குழாய்க்குள் போகாமலே வெளியே தள்ளப்படுகின்றன. நுண்நெகிழியில் ஒரு பங்கு இப்படியே திரும்பிவிடுகிறது. இதற்குப் "போலிமலம்" என்று யாரோ முன்பு எழுதியிருந்தார்கள். குடலையே பார்க்காத பொருளுக்கு மலம் என்ற பெயர், அதிலும் போலி! விலக்குச்சளி என்பது என் முன்மொழிவு. குடல் வழியாகப் போய் வெளியே வருவது மட்டும் கழிவேற்றம்.

விழுங்கிய துகளும் உடலுக்குள் "சேர்ந்துவிட்டது" என்று சொல்ல முடியாது. குடல் இருபுறமும் திறந்த குழாய். அதன் சுவரைத் தாண்டினால்தான் திசுவுக்குள் போனதாகக் கணக்கு. நீல மட்டியில் 3.0, 9.6 மைக்ரோமீட்டர் துகள்கள் மூன்று நாளில் குடலிலிருந்து இரத்தவோட்டத்துக்குப் போய், 48 நாளுக்கு மேலும் அங்கே இருந்ததை 2008இல் காட்டினார்கள். இதை "உட்கிரகித்தல்", "அகத்துறிஞ்சல்" என்றால் செரித்துக் கரைந்த சத்து நினைவுக்கு வரும். இங்கே போவது கரையாத திடத்துகள். "இடப்பெயர்ச்சி" என்றாலோ, தாவரத்துக்குள் உணவு கடத்தப்படுவதற்கு அதை வைத்திருக்கும் தாவரவியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "திசுப்புகல்" எழுதிப் பார்த்தேன். துகளுக்குத் திசு அடைக்கலம் கொடுத்தது போல ஒலிக்கிறது. திசுநுழைவு போதும். அளவு இதில் முக்கியம். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது இலங்கைக் கரையில் குவிந்த பிளாஸ்டிக் குருணை மீனின் வாயிலும் செவுளிலும் சிக்கலாம். மில்லிமீட்டர் கணக்கில் பருமனுள்ள அந்தக் குருணைக்குத் திசுநுழைவு என்ற பேச்சே இல்லை.

ஆனால் பெரியது பெரியதாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இறால் போன்ற சிறு உயிரியான அண்டார்க்டிக் கிரில் 31.5 மைக்ரோமீட்டர் பாலித்தீன் மணிகளை உள்ளே அரைத்து, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான துணுக்குகளாக வெளியே விட்டதை 2018இல் பதிவு செய்தார்கள். "உயிரிச் சிதைவு" என்று எழுதினால் நுண்ணுயிரிகள் நெகிழியைத் தின்று தீர்த்தது போல ஆகிவிடும். வேதியியல்படி அது அதே நெகிழிதான், பொடியாகிவிட்டது, அவ்வளவே. உயிரிநொறுக்கம் எப்படி?

மட்டியைத் தின்ற நண்டுக்கு மட்டியின் துகள் போய்ச் சேர்வது உணவுவழிக் கடத்தல்; இதில் யாருக்கும் தகராறு இருக்காது. "உயிரித் திரட்சி" என்ற சொல்லை மட்டும் இந்தத் தொகுப்பில் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்பேன். பாதரசம் மாதிரி ஓர் உயிரியின் உடலில் நாளாக நாளாகக் கூடிக்கொண்டே வரும் பொருளுக்குப் பழகிய சொல் அது. நுண்நெகிழியில் பெரும்பகுதி உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறது. அந்த இடத்தில் "தங்கல்", "தங்குகாலம்" என்று எழுதினால் நண்டின் 14 நாளும் 21 நாளும் அப்படியே பொருந்தும்.

"விலக்குச்சளி"யை மாற்ற வேண்டும் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.