14 இளையோர் தவறாமல் வருகிறார்கள், ஆனால் ஒட்டவில்லை. எங்கே தொடங்கலாம்?

செந்தூல்_வாலிபர் ஐக்கியம்

ஸ்தோத்திரம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தமிழ்ச் சபை. சனிக்கிழமை மாலை 5.00 முதல் 6.30 வரை இளையோர் கூடுகை. இடைநிலைப்பள்ளிப் படிவம் 1 முதல் படிவம் 5 வரை மொத்தம் 14 பேர். ஆறு பேர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், ஏழு பேர் தேசியப் பள்ளி, ஒருவர் சீனப்பள்ளி.

இப்போதைய வரிசை: பாடல் 30 நிமிடம், செய்தி 40 நிமிடம், ஜெபம், கடைசியில் மீகோரேங். சண்டை கிடையாது, அடாவடி கிடையாது. ஆனால் பாடும்போது உதடு அசைவதில்லை. "யாராவது ஜெபம் பண்ணுங்கள்" என்றால் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். சாப்பாடு வந்ததும் ஆளுக்கொரு கைப்பேசி. சிறுவயதிலிருந்து ஒரே சபையில் இருந்தும் ஒருவர் பாரம் இன்னொருவருக்குத் தெரியவில்லை. ஆண்டவரோடும் சரி, ஒருவரோடு ஒருவரும் சரி, இவர்கள் ஒட்ட என்ன செய்யலாம்? முகாம் நடத்தப் பணமில்லை. மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பொறுப்பில் நானும் ஓர் அக்காவும் மட்டும்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

பிரதர், முதலில் வரிசையை மாற்றுங்கள். அதை மாற்றாமல் புதிதாக எதைச் சேர்த்தாலும் எடுபடாது. 90 நிமிடத்தில் 70 நிமிடம் அவர்கள் வெறும் பார்வையாளர்கள். லூக்கா 24-இல் எம்மாவு வழியில் நடந்துபோகும் இரண்டு சீடரோடு இயேசு எப்படிச் சேர்ந்துகொள்கிறார் என்று பாருங்கள். 17-ஆம் வசனத்தில் அவர் கேள்விதான் கேட்கிறார். அந்த இருவரும் மனத்தில் இருந்ததை எல்லாம் கொட்டி முடித்த பிறகே, 27-ஆம் வசனத்தில், வேதத்தை விளக்குகிறார்.

சாப்பாட்டை முன்னால் கொண்டுவாருங்கள். கடைசியில் வைத்தால் டியூஷனுக்கு ஓடுகிறவர்கள், வாசலில் அப்பா ஹாரன் அடிக்கிறவர்கள் என்று பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள். வாரம் 50 வெள்ளிக்குள் முடியும்: பெரியவர்கள் மூவரையும் சேர்த்து 17 பொட்டலம் நாசி லெமாக் சின்ன அளவில், குடிக்க மைலோ. மைலோவைக் கடையில் வாங்காதீர்கள், அங்கேயே கலக்கச் சொல்லுங்கள். 17 கோப்பைக்கு மூன்றரை லிட்டர் வெந்நீர், அரைக் கிலோ மைலோ, ஒரு டின் பால். வாரத்துக்கு இருவர் அந்த வேலைக்கு. வேறு வேறு பள்ளி, வேறு வேறு வயது பார்த்து இருவரை நீங்களே சேர்த்துவிடுங்கள். எதிரெதிரே உட்காரவைத்துப் "பேசுங்கள்" என்றால் வாய் திறக்காது. கை வேலையில் இருந்தால் தானாகத் திறக்கும். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

14 பேரை 5, 5, 4 என்று மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஆறு மாதத்துக்குக் கலைக்காதீர்கள். வாராவாரம் சீட்டு எடுத்துக் குழு மாற்றுவது கலகலப்பாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு வாரமும் முதல் பக்கத்திலேயே நிற்பீர்கள். படிவம் 1, 2 ஒரு குழு. மூத்தவர்கள் இரண்டு குழு. அண்ணன் தங்கையை ஒரே குழுவில் போடவேண்டாம், வீட்டுக்குத் தகவல் போகும் என்று வாயை மூடிக்கொள்வார்கள். மூன்று குழுவுக்கு மூன்று பெரியவர்கள் வேண்டும். பிரசங்கம் தெரிந்தவரைத் தேடாதீர்கள். பிள்ளை பேசும்போது குறுக்கிடாத ஓர் அங்கிள், ஓர் ஆன்ட்டி போதும், அறுபது வயதானாலும் பரவாயில்லை. மூன்று குழுவும் ஒரே மண்டபத்தில், மூன்று மூலையில். தனி அறை வேண்டாம்.

நேரம் இப்படி: சாப்பாடு 20 நிமிடம், பாடல் 10 (இரண்டே பாட்டு), வேதப்பகுதி 20, குழு 30, எல்லாரும் சேர்ந்து முடிவு ஜெபம் 10. வேதப்பகுதியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். கைப்பேசியில் வேதம் திறக்கச் சொன்னால் அடுத்த நிமிடம் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கைப்பேசியைப் பிடுங்கவும் வேண்டாம். வாசல் மேசையில் எட்டுத் துளை நீட்டிப்புப் பலகையும் நாலைந்து சார்ஜ் வயரும் வையுங்கள். பள்ளி, டியூஷன் என்று அலைந்து சனிக்கிழமை மாலை யார் கைப்பேசியிலும் பேட்டரி இருப்பதில்லை. தாங்களாகவே வைத்துவிடுவார்கள். பெற்றோருக்கு உங்கள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அவசரம் என்றால் அதற்கு அழைக்கட்டும்.

பகுதி சிறியதாக இருக்கட்டும். மாற்கு 4:35-41, ஏழே வசனம். மூன்று குரலில் மூன்று முறை வாசிக்கவேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி. "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்டால் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பதில்தான் வரும். "படகு நிரம்பும்போது இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். இது உனக்குக் கோபமா, ஆறுதலா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். நான்காவது விநாடியிலேயே பெரியவர்கள் தாங்காமல் பேசிவிடுகிறோம், கெடுவது அங்கேதான். பெரியவர் கடைசியாகத்தான் பேசவேண்டும். பேச விருப்பமில்லாத பிள்ளை "அடுத்து" என்று சொல்லி விலகலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. அந்த உரிமை உறுதி என்று தெரிந்த பிறகுதான் கூச்சப்படுகிற பிள்ளை வாய் திறக்கும்.

வராதவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது குழுவிலிருக்கும் இன்னொரு பிள்ளையின் வேலை. நீங்கள் அனுப்பினால் அது வருகைப் பதிவு.

தீவுக்காரர்_பினாங்கு

அக்கா சொன்ன வரிசைக்கு ஆமென். ஒரு குறை: அதில் மௌனம் இல்லை. பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசக் கற்றுக்கொண்டு, இறைவனோடு இருக்கக் கற்றுக்கொள்ளாமல் போகக்கூடும்.

ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள். வாரம் அரை நிமிடம் கூட்டினால் ஒன்பதாவது வாரம் ஐந்து நிமிடம் வரும். முதல் நாளே பத்து நிமிடம் வைத்தால் மறுமுறை அந்தச் சொல்லைக் கேட்டாலே நெளிவார்கள். வட்டமாக முகம் பார்த்து உட்கார்ந்தால் சிரிப்பு வரும். அதனால் எல்லா நாற்காலியும் ஒரே பக்கம், முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. மின்விசிறி சத்தம் இருக்கட்டும், முழு நிசப்தம் இந்த வயதில் பயமுறுத்தும். யாராவது சிரித்தால் அதட்டவேண்டாம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதட்டினால் அன்றைய செபம் முடிந்தது. மனத்துக்கு ஏதாவது பிடி வேண்டும் அல்லவா? மூச்சை இழுக்கும்போது "ஆண்டவரே", விடும்போது "இதோ இருக்கிறேன்". சிறுவன் சாமுவேல் சொன்ன பதில்தான் அது, 1 சாமுவேல் 3.

14 பேர் என்று படித்ததும் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப் பாதையின் 14 நிலைகள்தான் நினைவுக்கு வந்தன. உங்கள் சபை வழக்கத்தில் அது இல்லையென்றால் மாற்கு 14, 15 அதிகாரங்களை 14 துண்டாக வெட்டுங்கள். ஆளுக்கு ஒன்று. இரண்டு வாரம் முன்னதாகக் கொடுத்து, வாசிக்க ஒருசில வசனம், சொந்தமாக எழுத மூன்று வரி, அவ்வளவே. வரியைத் திருத்தாதீர்கள். "பேதுரு மறுதலித்தான், நானும் பள்ளியில் சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு பிள்ளை எழுதினால், நாற்பது நிமிடச் செய்தி செய்யாததை அந்த வரி செய்துவிடும். மற்ற 13 பேரும் அதைக் கேட்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

திருயாத்திரை பற்றியும் ஒரு சொல். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஜூலை 26 திருவிழாவையொட்டி இளையோரை அழைத்துப் போகும் பங்குகள் பல. திருவிழா இரவின் கூட்ட நெரிசலில் ஆளைத் தொலைக்காமல் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். நெருக்கம் வேண்டுமென்றால் வேறு மாதத்தில், கூட்டமில்லாத நாளில் போகவேண்டும்.

பிறை_தமிழாசிரியை

மொழியை யாரும் தொடவில்லை. ஆறு பேர் தமிழ் வாசிப்பார்கள், எட்டுப் பேருக்குத் தெரியாது அல்லது தடுமாற்றம். உதடு அசையாததற்குப் பக்தி குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. திரையில் ஓடும் வரியை வாசித்து முடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

திரையில் தமிழ் வரியும் அதன் கீழே ரூமி (ஆங்கில) எழுத்தில் அதே வரியும் போடுங்கள். ரூமியில் எழுதும்போது நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டிக்கவேண்டும். இல்லாவிட்டால் "பாடுவேன்" என்பது "படுவேன்" ஆகும், "வாரும்" என்பது "வரும்" ஆகும். ஆண்டவரை வரச்சொல்லி அழைக்கிற பிள்ளை, அவர் ஏதோ வருவதாகப் பாடிக்கொண்டிருக்கும். மூன்றாவது வரியாகப் பொருளை மலாயிலோ ஆங்கிலத்திலோ சின்ன எழுத்தில் போடலாம், ஆனால் ஒரு திரையில் பாட்டின் இரண்டு அடிக்கு மேல் வேண்டாம். இந்தத் திரை வரிகளைத் தயாரிக்கும் வேலையைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இருவர், மற்றவர் இருவர் என்று சேர்த்துக் கொடுங்கள். ஒரே இரண்டு பாட்டை நான்கு வாரம் பாடுங்கள். பெரியவர்களுக்குச் சலிக்கும், பிள்ளைகளுக்கு மூன்றாவது வாரம்தான் பாட்டு சொந்தமாகும்.

ஜெபத்திலும் இதே சிக்கல். ஞாயிறு ஆராதனையில் "தேவரீர்", "கிருபாசனத்தண்டை" என்று பெரியவர்கள் ஐந்து நிமிடம் தடையில்லாமல் ஜெபிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்தத் தமிழ் வராவிட்டால் ஜெபிக்கத் தகுதியில்லை என்று முடிவுசெய்துவிடுகிறது. ஒரே வாக்கியம், எந்த மொழியும் சரி என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதலில் நீங்களே செய்து காட்டுங்கள்: "ஆண்டவரே, இந்த வாரம் ரொம்பக் களைப்பாக இருக்கிறேன். ஆமென்." இவ்வளவுதான். பெரியவர் ஒரு வாக்கியத்தில் நிறுத்தினால் மட்டுமே பிள்ளைகள் நம்புவார்கள்.

அடுத்த படி, 13-ஆம் சங்கீதம். ஆறு வசனம், அமைப்பு பளிச்சென்று தெரியும்: முதல் இரண்டில் முறையீடு ("எதுவரைக்கும்" என்று நான்கு முறை), அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. அந்த அச்சில் ஆளுக்கு ஆறு வரி எழுதட்டும். கடைசி இரண்டு வரி எழுத வரவில்லை என்று யாராவது சொன்னால் காலியாகவே விடச் சொல்லுங்கள். வராத நம்பிக்கையை எழுதவைத்தால் ஆண்டவர்முன் நடிக்கக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். தேவனிடம் குறை சொல்லலாம், அது வேதத்திலேயே இருக்கிறது என்று தெரியும்போது பிள்ளைகள் முகம் மாறும்.

செந்தூல்_வாலிபர் ஐக்கியம்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஜெபக் குறிப்பை அட்டையில் எழுதி மாற்றிக்கொள்ளும் பழக்கம் இங்கே வைக்கலாமா? அதில் கனமான விஷயம் எதையாவது எழுதிவிட்டால் என்ன செய்வது? பள்ளி நண்பர்களை அழைத்துவர நினைக்கிறார்கள், அதுவும் சரிதானா?

கிள்ளான்_ஆலோசகர்

அட்டை வைக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "குழுவில் எல்லாரும் படித்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் எழுது. அதைவிடப் பெரியது என்றால் எங்களில் ஒருவரிடம் நேரில் சொல்." பெயர் எழுதிய அட்டை மறுவாரம் திரும்பி வரவேண்டும், நீங்களே கிழித்துவிடுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கக்கூடாது. அட்டைச் செய்தி ஒரே ஒருமுறை பள்ளிக்குக் கசிந்தால் அந்தக் குழு மறுபடி வாய் திறக்கப் பல மாதம் ஆகும்.

பிள்ளை நேரில் சொல்ல வந்தால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் பாதுகாப்புக்குத் தேவையென்றால் சரியான ஒருவரிடம் சொல்வேன், யாரிடம் என்று முதலில் உன்னிடம் சொல்வேன்" என்பதே சரி. சபை மானம் என்று மறைக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 (சட்டம் 792), 18 வயதுக்குக் குறைந்த எல்லாரையும் சிறார் என்கிறது. அப்படிப்பட்ட குற்றம் பற்றித் தெரிந்தும் போலீசுக்குத் தகவல் தராமலிருப்பது 19-ஆம் பிரிவின்படி குற்றம். பாஸ்டரிடம் சொல்லிவிட்டோம் என்பது போதாது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், அறிவுரையும் வசனமும் பிறகு. "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெற்றோரை அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவு. பேசித் துணை தேட பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, தாலியான் காசே 15999. போலீஸ் வழக்காகுமோ என்று பயந்து மறைக்கும் குடும்பங்களிடம் சொல்லுங்கள்: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309, 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

நண்பர்கள் விஷயத்தில், கூட்டரசு அரசியலமைப்பு 12(4)-இன்படி 18 வயதுக்குட்பட்டவரின் மதத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் அல்லது பாதுகாவலர். ஆகவே இந்து நண்பன் வந்தால் அவன் வீட்டுக்குத் தெரிந்திருக்கவேண்டும், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நீங்களே ஒரு போன் போடுங்கள், கூடுகையில் என்ன நடக்கும் என்று மறைக்காமல் சொல்லுங்கள். முஸ்லிம்களிடம் பிற மதப் பரப்புரையை மாநிலச் சட்டங்களும், கூட்டரசுப் பிரதேசத்தில் கூட்டரசுச் சட்டமும் கட்டுப்படுத்தலாம் என்கிறது 11(4). முஸ்லிம் நண்பர்களை இந்தக் கூடுகைக்கு அழைக்கவேண்டாம் என்று பிள்ளைகளிடம் காரணத்தோடு விளக்கிவிடுங்கள். நட்புக்கு அது தடையில்லை, மாமாக் கடையில் சேர்ந்து ரொட்டி சானாய் சாப்பிடலாம்.

வாட்ஸ்அப் குழுவில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். தனிச் செய்தி இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம். ஒரு பிள்ளையை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போகும் நிலை வந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் வீட்டுக்குத் தகவல்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

எல்லாவற்றையும் வரும் சனிக்கிழமையே தொடங்கிவிடாதீர்கள் பிரதர். முதல் வாரம் சாப்பாடு முன்னால், நாற்காலி மாற்றம், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் குழு. மூன்றாவது வாரம் ஒரு நிமிட மௌனம். 13-ஆம் சங்கீதத்துக்கு ஆறாவது வாரம்வரை பொறுங்கள், அதற்கு முன்னால் ஒருவரையொருவர் நம்பமாட்டார்கள்.

படிவம் 5 பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது காணாமல் போவார்கள். குற்ற உணர்வு ஏற்படுத்தாமல், மண்டபத்தைச் சனி பிற்பகல் 2.30-க்கே திறந்து படிக்க இடம் கொடுங்கள். கூடுகை தொடங்கும்போது ஐந்து நிமிடம் ஜெபித்துவிட்டு அவர்கள் மறுபடி புத்தகத்துக்குப் போகலாம். தேர்வுக்குப் பிறகு வேறு ஊரில் மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் என்று இடம் கிடைத்தவுடன், அவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்பே அந்த ஊர்ச் சபையில் ஒருவரோடு போனில் பேசவைத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு தேடிக்கொள்ளட்டும் என்று விட்டால் முதல் மூன்று ஞாயிறு தவறும், நான்காவது ஞாயிறு பழகிவிடும்.

மூன்றாவது பெரியவர் கிடைத்தாரா? அவர் வரும்வரை இரண்டு குழுவாக நடத்தலாம், ஏழு ஏழு பேராக. அதற்குமேல் பெரிதாக வேண்டாம்.