சங்க அலுவலகத்துக்கு வரும் கோல் எல்லாம் முன் கவுண்டரில் மட்டும் அடிக்கிறது, எப்படி மாற்றுவது?

பரந்தன் பிள்ளை:
வணக்கம். கிளிநொச்சியில் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை செய்கிறேன். 021 இல் தொடங்கும் பழைய கம்பி லைன் இரண்டு இருக்கிறது. உள்ளே ஐந்து போன்: முன் கவுண்டர், கணக்கு, விதைநெல் களஞ்சியம், பால் பிரிவு, முகாமையாளர். பழைய கணினி ஒன்றில் ஃப்ரீபிபிஎக்ஸ் (வரும் கோலை உள் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) போட்டு, கம்பி லைனைக் கணினியோடு இணைக்கும் கேட்வே பெட்டி வழியாக லைன்களைக் கொடுத்திருக்கிறார்கள். போட்டுத் தந்த பொடியன் இப்போது வெளிநாட்டில்.

கவுண்டரில் இருப்பவர் உரச் சிட்டை எழுதிக்கொண்டிருந்தால் போன் அடித்து அடித்து நின்றுவிடும். காலபோக விதைப்பு தொடங்கினால் விசுவமடு, தருமபுரம், முத்தையன்கட்டுப் பக்கமிருந்து "விதைநெல் வந்திட்டுதோ" என்று கேட்கத்தான் கூடுதலான ஆட்கள் எடுப்பார்கள். பதில் இல்லையென்றால் பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மா ஒருவரிடம் "இன்றைக்கு இல்லை" என்று சொல்ல மனம் கேட்பதில்லை.

முகாமையாளர், "விதைக்கு ஒன்றை அழுத்துங்கள், பாலுக்கு இரண்டை அழுத்துங்கள்" என்று மெனு வைக்கச் சொல்கிறார். எனக்கு விருப்பமில்லை. அவர் வயலுக்குப் போகும் நாட்களில் அவருடைய கைப்போனுக்கும் கோல் போக வேண்டுமாம். நாலரைக்குப் பிறகு வரும் கோலுக்கு என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

வவுனியா வயர்காரன்:
தங்கச்சி, மெனு வேண்டாம் என்று அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். மணி அடிக்கும் வரை கூப்பிடுகிறவருக்குக் காசு போகாது. மெசின் எடுத்து "வணக்கம்" என்று சொன்ன கணத்திலிருந்து அந்த அம்மாவின் ரீலோட் கரையத் தொடங்கும். மெனுவைக் கேட்டு முடிக்கவே காசு போய்விடும்.

ரிங் குரூப் (ஒரே கோலுக்கு அடிக்க வேண்டிய போன்களின் கூட்டம்) ஒன்று திறந்து கவுண்டர், கணக்கு, களஞ்சியம் மூன்றையும் அதில் போடுங்கள். மூன்றும் ஒன்றாக அடிக்க வேண்டுமென்றால் 'ரிங் ஆல்'. பிறகு இன்பவுண்ட் ரூட்டில், அதாவது வெளியிலிருந்து வரும் கோல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இடத்தில், போகுமிடத்தை அந்தக் குரூப்புக்கு மாற்றினால் சரி. பால் பிரிவில் இருப்பவரும் எட்டி எடுக்க விரும்பினால் தன் போனில் *8 அழுத்தட்டும். அதற்கு எல்லாப் போனின் செட்டிங்கிலும் கோல் குரூப், பிக்கப் குரூப் இரண்டுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும்.

இன்னொன்று, சில கேட்வே மணி அடித்தவுடன் தானாகவே லைனை எடுத்துவிடும். உள்ளே ஒருவர் எடுத்த பிறகே லைனை எடுக்கும்படி அதில் செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியில்லாவிட்டால் உள்ளே மணி அடிக்கும்போதே அவர்களுக்குக் காசு ஓடும்.

முல்லைத்தீவு அக்கா:
கைப்போன் விஷயத்தில் கவனம், பிள்ளை. உள்ளே வந்த கோல் ஒரு லைனைப் பிடித்திருக்கும். அதை வெளியே கைப்போனுக்கு அனுப்ப இரண்டாவது லைனும் போய்விடும். உங்கள் முகாமையாளர் வரம்பில் நின்று ஒருவரோடு கதைக்கும் வரை வேறு எவருக்கும் அலுவலகம் கிடைக்காது. அந்த வெளிக் கோலுக்குச் சங்கம்தான் காசு கட்ட வேண்டும். எங்கள் அலுவலகத்திலும் இதே கேட்வே முறைதான். கதைத்து முடிந்த பிறகும், கோல் முடிந்ததைக் காட்டும் பிஸி ரோனை (லைனில் கேட்கும் சத்தத்தை) அது அடையாளம் காணாமல் இரண்டு லைனும் பூட்டுப்பட்டுக் கிடந்தது. எங்கள் லைனின் ரோனுக்கு ஏற்றபடி கேட்வேயில் மாற்றிய பிறகுதான் விட்டது.

அவசரக் கோலுக்கு மட்டும் அவருடைய நம்பரைப் போடுவதென்றால் நம்பரின் கடைசியில் # சேருங்கள், 'கன்ஃபர்ம் கோல்ஸ்' என்பதையும் போட்டுவிடுங்கள். அவர் 1 என்ற இலக்கத்தை அழுத்தினால்தான் கோல் இணையும். இல்லையென்றால் கைப்போனின் வொய்ஸ் மெயில் எடுத்துவிட்டு, கோல் எடுபட்டதாகக் காட்டும்.

பரந்தன் பிள்ளை:
நன்றி அக்கா, அண்ணை. இரண்டு லைனும் போகும் என்பதை இங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. முகாமையாளருக்கு அதையே காட்டப் போகிறேன். பின்னேரக் கோலுக்கு?

வவுனியா வயர்காரன்:
ரைம் கண்டிஷன் (நேரத்தைப் பார்த்துக் கோலைத் திருப்பும் செட்டிங்) வையுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, எட்டரையிலிருந்து நாலரை வரை ரிங் குரூப். மற்ற நேரம் ஒரு அறிவித்தல். கணினியின் நேர வலயம் ஆசியா/கொழும்பு என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த அறிவித்தலை மெசின்தான் எடுக்கும், அதனால் பத்து செக்கனுக்குள் முடியுங்கள். "அலுவலகம் பூட்டியிருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. "விதைநெல் இருக்கிறது, நாளை காலை வரலாம்" அல்லது "இன்னும் வரவில்லை, வர வேண்டாம்" என்று ஒவ்வொரு பின்னேரமும் நீங்களே பேசிப் பதியுங்கள். பதிவுக்கு ஒரு குறுக்கிலக்கம் கொடுத்தால் உங்கள் மேசைப் போனிலிருந்தே மாற்றலாம். சிங்களத்தில் கதைக்கிற அதிகாரிகளும் எடுப்பார்களென்றால் தமிழுக்குப் பிறகு அதையும் சேருங்கள்.

முல்லைத்தீவு அக்கா:
இது நல்ல யோசனை. இருக்கா இல்லையா என்பதை முதல் சொல்லாக வையுங்கள், பெயர் விலாசம் பிறகு.

பரந்தன் பிள்ளை:
பதிவை நானே பேசுகிறேன். இந்தக் குரல் அவர்களுக்குப் பழக்கம். கரண்ட் போனால்?

வவுனியா வயர்காரன்:
கணினி, கேட்வே, ரவுட்டர் மூன்றையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். ஒரு சாதாரண வயர் போனும் லாச்சியில் இருக்கட்டும். கம்பி லைனில் நேரே குத்தினால் கரண்ட் இல்லாமலே வேலை செய்யும். தொடங்க முன் பேக்கப் எடுத்து பென் டிரைவில் வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மேலே தெரியும் சிவப்பு 'அப்ளை கொன்ஃபிக்' பட்டனை அழுத்துங்கள், அதை அழுத்தாமல் ஒன்றும் மாறாது.