வி.35 டிசிஇ கேபிள் ஈரோடு பக்கம் யாரிடமாவது இருக்குதுங்களா?

வணக்கமுங்க. கோபியில் பசங்களுக்கு நெட்வொர்க் சொல்லித் தருகிறேன். இரண்டு பழைய சிஸ்கோ ரூட்டர்களை சீரியல் போர்ட் வழியாக நேராக இணைக்க வேண்டும். ஒன்றில் 60 பின் போர்ட், மற்றதில் 26 பின் ஸ்மார்ட் சீரியல். இதற்கான வி.35 (சீரியல் இணைப்புக்கான ஒரு தரம்) கேபிள்களில் ஒன்று டிசிஇ, அதாவது கிளாக் (பிட்கள் போகும் வேகத்துக்கான தாளத் துடிப்பு) கொடுக்கும் பக்கம்; மற்றது டிடிஇ, அதைப் பெறும் பக்கம். காந்திபுரத்தில் வாங்கிய இரண்டு கேபிளுமே டிடிஇ. அவற்றின் மறுபக்கத்து 34 பின் முனை இரண்டும் ஆண் (பின் நீட்டிக்கொண்டிருப்பவை), அதனால் ஒன்றோடொன்று செருக முடியாது.

நடுவில் பெண் முனைகள் வைத்து, அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் மாற்றி சாலிடர் செய்தேன். லைன் புரோட்டோகால் டவுன்தான், அதாவது இணைப்பு வேலை செய்யவில்லை. ரூட்டர் பக்க முனையில் ஷார்ட் செய்திருக்கும் பின்களைப் பார்த்துத்தான் கேபிள் டிடிஇயா டிசிஇயா என்று ரூட்டர் முடிவு செய்கிறது. இரண்டும் டிடிஇ என்றால் கிளாக் கொடுக்க ஆளில்லை. ரூட்டரில் கிளாக் ரேட் 64000 (வினாடிக்கு 64000 பிட்) என்று கட்டளை போட்டாலும் ஏற்கவில்லை.

60 பின் முனையைப் பிரித்து டிசிஇ ஆக்கியவர்கள் இருந்தால், எந்தெந்தப் பின்களைச் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கண்ணா. இல்லை, ஒரு டிசிஇ கேபிளை ஒரு வாரம் கொடுத்தாலும் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சிமுலேட்டரில் மட்டுமே பார்த்த பசங்க, நிஜக் கம்பியில் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) போவதை ஒருமுறையாவது பார்க்கணுமுங்க.