மீன் விலைப் பதிவுகளைத் தானாக வெளியிடும் பாட் (தானியங்கி நிரல்): ஓர் ஐயம்

முதுநகர்க் கடைக்காரர்:
வணக்கம். கடலூர் முதுநகரில் உள்ள எங்கள் மீன் கடையின் விலைப்பட்டியலை ஏஐ மாதிரியிடம் கொடுத்து, அது எழுதித் தரும் பதிவை மாஸ்டோடான் சமூக வலைத்தளத்திலும் டெலிகிராமிலும் தானாக வெளியிடும் பைத்தான் நிரல் ஒன்றை, குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான் கருவி மூலம் தினமும் காலை 6 மணிக்கு ஓட விட்டிருக்கிறேன். ஏப்ரல் 20 அன்று பட்டியலில் சங்கராவும் நெத்திலியும் மட்டுமே இருக்க, "விசைப்படகில் இன்று வந்திறங்கிய வஞ்சிரம்" என்று அது எழுதிவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஏது என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்கிறார்கள். இதை எப்படித் தடுப்பது?

புதுவை நிரலர்:
தேதியைச் சொல்லாவிட்டால் மாதிரிக்கு அது தெரியாது. இன்றைய தேதியையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தையும் ஒவ்வொரு முறையும் கட்டளையிலேயே சேர்த்து அனுப்புங்கள். ஆனால் அது மட்டும் போதாது. மீன் பெயரையும் விலையையும் மாதிரி எழுதவே கூடாது. அவற்றை உங்கள் நிரலே பட்டியலிலிருந்து நேராக எடுத்துப் போடட்டும், முகப்பு வரியை மட்டும் மாதிரி எழுதட்டும். அந்த வரியில் பட்டியலில் இல்லாத மீன் பெயர் வந்தால், பதிவை வெளியிடாமல் நிறுத்திவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் வாசகர்:
மாஸ்டோடானில் இயல்பான வரம்பு 500 எழுத்துகள். கணக்கு அமைப்பில் "தானியங்கிக் கணக்கு" என்று குறித்துவிடுவதே நாணயம். புயல் செய்தியை மட்டும் மாதிரியிடம் விடாதீர்கள். 2011 டிசம்பரில் 'தானே' புயலைப் பார்த்த ஊர் இது.

முதுநகர்க் கடைக்காரர்:
நன்றி, ஐயா. வரைவு முதலில் என் டெலிகிராமுக்கு வந்து, நான் "சரி" என்ற பிறகே வெளியாகும்படி மாற்றிவிட்டேன். இன்று காலை வரைவிலேயே, பட்டியலில் இல்லாத ஒரு வஞ்சிரம் பிடிபட்டது.