கச்சத்தீவு திருவிழாவுக்கு போகாம இருந்தது கோவமா, ஜெபமா?

பாம்பன் கச்சான்:
தவக்கால தியானத்துக்கு போயிட்டு வந்து சூட்டோட எழுதுறேன், தப்பிருந்தா திட்டுங்க. வெளியூர்லருந்து வந்த சாமியார் நல்லாத்தான் பேசினாரு, மௌனமா உக்காருறது, மூச்சோட சேத்து இயேசு நாமத்த மனசுக்குள்ள சொல்றது எல்லாம் சொல்லிக்கொடுத்தாரு, எனக்கு நெசமாவே பிடிச்சிருந்துச்சு. ஆனா கடைசியில ஒன்னு சொன்னாரு பாருங்க, கோவத்த செருப்போட வாசல்ல கழட்டி வச்சிட்டு வாங்க, கோவம் இருக்குற மனசுல கடவுள் தங்க மாட்டாருன்னு. எனக்கு முன் வரிசையில உக்காந்திருந்தது யாரு தெரியுமா, புருஷன் அந்தப்பக்கம் இலங்கை ஜெயில்ல கெடக்குற ஒரு மீனவர் வீட்டு அக்கா. அவங்க எந்த வாசல்ல கழட்டி வைப்பாங்க?

இன்னொன்னும் சொன்னாரு. 2024 பிப்ரவரியில நம்ம படகோட்டிகளுக்கு இலங்கையில ஜெயில் தண்டனை கொடுத்தத எதுத்து கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நாம போகாம இருந்தோம்ல, அது பக்தியில அரசியல கலந்ததாம். பைபிள்ல ஆமோஸ் இறைவாக்கினர் புத்தகம் 5 எடுத்து படிங்க. உங்க திருவிழாவ வெறுக்குறேன், உங்க பாட்டுச் சத்தத்த நிறுத்துங்க, நீதி தண்ணி மாதிரி ஓடட்டும்னு சொல்றது யாரு, கடவுள் தானே? அப்ப அவருக்கும் ஒரு மூணு நாள் தியானம் போட்டுரலாமா?

ஓரியூர் செம்மண்:
தம்பி, கடைசி வரி சிரிப்பா இருக்கு, ஆனா சாமியார் சொன்னதுல பாதி சரி. நான் முப்பது வருஷம் கோயில்ல ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்குற உபதேசியாரா இருந்தவன், கோவக்காரங்கள நெறைய பாத்துட்டேன். நாலாம் நூத்தாண்டுல எகிப்து பாலைவனத்துக்கு போன துறவிகள் இதப் பத்தி நம்மள விட ஆழமா யோசிச்சிருக்காங்க. அவங்ககிட்ட பாடம் படிச்ச யோவான் காசியன் எழுதுறாரு, ஊரு சனம் தான் கோவத்துக்கு காரணம்னு நெனச்சு தனியா போயி உக்காந்தா அங்கயும் கோவம் வருதாம், எழுதுற நாணல் பேனா தடியா இருக்குன்னு, கத்தி மொக்கையா இருக்குன்னு, சிக்கிமுக்கிக் கல்லு சீக்கிரம் பத்தலன்னு! மனுஷன் இல்லன்னா பேனா மேல கோவம். அப்ப கோவம் இலங்கை நேவியால வந்தது இல்ல தம்பி, நமக்குள்ள ஏற்கனவே கெடக்குறது, நேவி ஒரு சாக்கு. மனுஷனோட சினம் கடவுளோட நீதிய கொண்டு வராதுன்னு யாக்கோபு திருமுகம் 1:20.

எங்க ஓரியூர் புனித அருளானந்தரையே, அதான் ஜான் டி பிரிட்டோ சாமியாரையே எடுத்துக்கங்க. 1693 பிப்ரவரி 4 தலைய வெட்டுறாங்க. முந்தின நாள் சிறையில கரியத் தண்ணியில கரைச்சு மையாக்கி கடிதம் எழுதுறாரு. அதுல தண்டனை கொடுத்த சேதுபதி ராஜா மேல ஒரு சாபம் உண்டா? சந்தோசமா சாகப்போறேன்னு எழுதுறாரு. அது தான் தியானத்தோட பலன்.

பாம்பன் கச்சான்:
உபதேசியாரய்யா, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா நேவி ஒரு சாக்குன்னு நீங்க ஈசியா எழுதிட்டீங்க. 2017 மார்ச்ல தங்கச்சிமடத்து பையன் நடுக்கடல்ல சுடப்பட்டு செத்தப்ப ஊரே ரோட்டுல உக்காந்துச்சே, அதுவும் மொக்கக் கத்தி மேல வந்த கோவமா? அருளானந்தர் சாகத் தயாரா வந்தவரு, அவருக்கு டீசல் கடன் இல்ல, ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய பிள்ளைங்க இல்ல. அவரு தன்னோட சாவ மன்னிக்கலாம், அடுத்தவன் சாவ நான் எப்படி அய்யா மன்னிக்கிறது? மாற்கு 3:5ல, கை சூம்பினவன ஓய்வுநாள்ல குணமாக்கலாமான்னு இயேசு கேட்டப்ப எல்லாரும் வாய மூடிட்டு இருக்காங்க, அவரு சினத்தோட சுத்திப் பாத்தாருன்னு எழுதியிருக்கு. கோவம் இருக்குற எடத்துல கடவுள் இல்லன்னா அன்னைக்கு அந்த தொழுகைக்கூடத்துல யாரு நின்னாங்க?

நெய்தல்மகள்:
ரெண்டு பேரும் சண்டைய கொஞ்சம் நிறுத்துங்க, நான் குட்டைய இன்னும் கலக்கணும்.

மொதல்ல உபதேசியார் அங்கிளுக்கு. அதே பாலைவனத்து துறவி எவாகிரியுஸ், காசியனுக்கே முன்னோடி, கோவத்த பிடுங்கி எறியச் சொல்லல. அது பேயோட சண்ட போடத்தான் நமக்கு கொடுக்கப்பட்டது, பேய் என்ன பண்ணுதுன்னா அத மனுஷங்க பக்கம் திருப்பி விட்டுருதுன்னு சொல்றாரு. அதே மாதிரி, திருப்பாடல் 58, 83, 109 மூணும் எதிரிய சபிக்கிற பாட்டு, ரெண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்கு பொறகு வந்த திருப்புகழ்மாலையில, அதான் குருக்கள் தெனமும் சொல்ற ஜெபப் புத்தகத்துல, அத முழுசா எடுத்துட்டாங்க. எனக்கு அது வருத்தம் தான். கடவுள் முன்னாடி சபிக்க எடம் இல்லாதவன் டீக்கடையில வந்து சபிப்பான், இல்ல வீட்ல பொண்டாட்டிய அடிப்பான், நம்ம ஊர்ல இதப் பாக்காதவங்க யாரு?

இப்ப கச்சான் தம்பிக்கு. ஆமோஸ நீங்க அஞ்சாம் அதிகாரத்துலருந்து ஆரம்பிச்சிட்டீங்க. மொத ரெண்டு அதிகாரம் படிச்சீங்களா? தமஸ்குவ திட்டுறாரு, காசாவ திட்டுறாரு, தீர், ஏதோம், அம்மோன், மோவாப்னு சுத்தி இருக்குற எல்லாரையும் வரிசையா வாங்குறாரு, கேக்குறவன் அப்படித்தான் போடுன்னு கை தட்டியிருப்பான். அப்புறம் யூதா. அப்புறம் சுருக்குன்னு இஸ்ரயேல், கை தட்டுனவனையே பிடிச்சு, ஒரு சோடி செருப்புக்கு ஏழைய வித்தவனே நீ தானன்னு கேக்குறாரு. இறைவாக்கினர் கோவம் அங்க போயி முடியுது. நம்ம கோவம் எங்க முடியுது? அந்தப்பக்கம் யாழ்ப்பாணம், மன்னார்ல இருக்குறவனும் தமிழ் மீனவன், அதே அந்தோணியார் முன்னாடி முட்டி போடுறவன், கடலடிய வாரிக்கிட்டு போற நம்ம இழுவைமடி அவன் வலைய அறுத்துட்டு போகுதுன்னு கதறுறான். அவங்க நாட்டுல இழுவைமடிய 2017லயே தடை பண்ணிட்டாங்க. நேவி பண்றது அக்கிரமம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு கெடையாது. ஆனா நாம திருவிழாவ புறக்கணிச்ச அன்னைக்கு அந்தக் கதறலுக்கு ஒரு வரி சொன்னோமா?

போட்டுக்காரன்:
வந்துட்டாங்கய்யா புத்தி சொல்ல. அக்கா நீங்க எங்க இருந்து டைப் பண்றீங்க, மெட்ராஸா? கொஞ்ச தூரம் ஓடுனாலே இலங்கை எல்லைக் கோடு வந்துருது, கோட்டுக்கு இந்தப்பக்கம் என்ன மீன் இருக்கு, கூலிக்கு போறவன்கிட்ட ஆமோஸ் மோவாப்னு கதை சொல்லாதீங்க. போட்ட பிடிச்சு வச்சு வெயில்லயும் மழையிலயும் மக்க விட்டா ஓனருக்கும் போச்சு, நமக்கும் போச்சு. எங்கள திட்டுறதுக்கு ஒரு இறைவாக்கினர் வேற புதுசா கெளம்பிட்டாரு.

நெய்தல்மகள்:
மெட்ராஸ் இல்ல அண்ணே, தென்கடல் பக்கம். எங்கப்பா நாட்டுப்படகு. உங்க மடி எங்க வலையையும் தான் அறுத்துச்சு, ஒரு தடவ இல்ல. அதுனால உங்க மேல எனக்கு இருக்குற கோவமும் கொஞ்ச நஞ்சம் இல்ல, மறைக்க மாட்டேன். கூலிக்கு போறவன திட்டல, கடன் கொடுத்து அவன அங்க தள்ளி விடுறவன கேக்குறேன், அவனும் நம்ம கோயில்ல முன் பெஞ்சுல தான் உக்காருறான்.

இருள் பத்தியும் ஒன்னு சொல்லிர்றேன், ஏன்னா தியானம்னாலே எல்லாரும் ஸ்பெயின் துறவி சிலுவை யோவான இழுத்துருவாங்க, அவரு எழுதின ஆன்மாவின் இருண்ட இரவுன்னு. அந்த மனுஷன் நல்ல மெத்தையில உக்காந்து அதக் கண்டுபிடிக்கல. 1577 டிசம்பர்ல சொந்த கார்மேல் துறவற சபைக்காரங்களே தூக்கிட்டு போயி தொலேதோ ஊர்ல ஒரு பொந்துல அடைச்சு வச்சாங்க, ஒம்பது மாசம், அடுத்த ஆகஸ்ட்ல தப்பிச்சு வந்தாரு. இருண்ட இரவு கவிதை அந்த சிறை அனுபவத்துலருந்து வந்தது தான். அப்புறமா அவரு எழுதினதுல கோவத்துக்குன்னே ஒரு அதிகாரம் இருக்கு, ஆனா அதுல சிறை வச்சவங்கள பத்தி ஒன்னும் இல்ல. பக்தியில புதுசா எறங்குனவங்க அடுத்தவன் பாவத்த பாத்து பொங்குறாங்க, தாங்கள் தான் நல்லொழுக்கத்துக்கு முதலாளி மாதிரின்னு கிண்டல் பண்றாரு. இன்னும் சிலர் ஒரே நாள்ல புனிதராகணும்னு தங்க மேலயே கோவப்படுறாங்களாம். நான் அந்த ரெண்டாவது கோஷ்டி.

பாம்பன் கச்சான்:
நான் மொத கோஷ்டின்னு மறைமுகமா சொல்றீங்க, சரி. ஆமோஸ்ல வர்ற அந்த சோடி செருப்பு மேட்டர் எனக்கு தெரியாது, ஒத்துக்குறேன், போயி படிக்கிறேன். ஆனா ஒன்னு, நம்மள நாமே கேட்டுக்கணும்னு சொல்றத நேவிக்காரனும் அரசாங்கமும் நல்லா யூஸ் பண்ணிக்குவாங்க. 2025ல திரும்ப திருவிழாவுக்கு போனோம், அமைதியா போனோம், என்ன மாறிச்சு?

ஓரியூர் செம்மண்:
ஒன்னும் மாறல தான். கச்சான் தம்பி, நேவி ஒரு சாக்குன்னு எழுதினத வாபஸ் வாங்கிக்கிறேன், ராத்திரி பூரா உறுத்துச்சு.

ஒரு விசயம் ஞாபகம் வந்துச்சு, இதுக்கு பொருந்துமான்னு தெரியல. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சு போனப்ப எனக்கு ஏழு வயசு, நாங்க பாம்பன்ல இருந்தோம். எங்க சின்ன சித்தப்பா தனுஷ்கோடியில இருந்தாரு, உடம்பு கூட கெடைக்கல. அதுக்கப்புறம் எங்க அப்பத்தா தெனமும் கோயிலுக்கு போவாக, ஒரு நாள் விட்டது இல்ல. ஆனா பிரியதத்தத்தினாலே பூரண மரியாயேன்னு எல்லாரும் ஜெபமாலை சொல்றப்ப வாயத் தொறக்க மாட்டாக. பீடத்தையே மொறச்சுப் பாத்துட்டு இருப்பாக. சாமியார் கேட்டதுக்கு, அவரு மொதல்ல பேசட்டும், அப்புறம் நான் பேசுறேன்னாக. ரெண்டு வருசமோ என்னமோ அப்படியே. ஒரு நாள் திடீர்னு ஜெபமாலை நடுவுல தேம்பித் தேம்பி அழுதாக, அன்னைலருந்து சொல்ல ஆரம்பிச்சாக. அவரு பேசினாரான்னு நான் கேக்கல, சின்னப் பையன்.

போட்டுக்காரன்:
அய்யா இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. காசியன் கீசியன்னு ஓட்டிட்டு.

பாம்பன் கச்சான்:
இன்னைக்கு வெள்ளிக்கெழம சிலுவைப்பாதை முடிஞ்சு அந்த முன் வரிசை அக்காவ பாத்தேன். இத்தனை பேர் அவங்கள வச்சு பேசிட்டு இருக்கோமேன்னு, சாமியார் அன்னைக்கு கோவத்த கழட்டி வைக்கச் சொன்னாரே உங்களுக்கு வருத்தமா இல்லையான்னு கேட்டுட்டேன். எப்ப சொன்னாருன்னாங்க. காதுலயே விழலையாம். தியானத்துல செல்போன ஆப் பண்ணச் சொன்னாங்கல்ல, இவங்க பண்ணல, முந்தானைக்குள்ள வைப்ரேட்ல வச்சுக்கிட்டு மூணு நாளும் அதையே பிடிச்சுட்டு உக்காந்திருந்திருக்காங்க, ஜெயில்லருந்து கால் வரும்னு.

வந்துச்சான்னு கேட்டேன். இல்லன்னாங்க. நாளைக்கு சனி, கடலுக்கு போக டோக்கன் போடணும், மத்தத வந்து பேசுறேன்.