வீட்டில் வெல்டிங் செய்பவர்களே, உங்கள் ஹெல்மெட் அனுபவம் என்ன?

பினாங்கு பாயான் பாருவிலிருந்து, முதல் பதிவு

போன தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு இரும்புச் சட்டம் செய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடம்தான் பட்டறை. ஒன்றரை அங்குல ஹாலோ (உள்ளே வெற்றான இரும்புக் குழாய்), 2.6 மில்லி வெல்டிங் ராடு, சின்ன இன்வெர்ட்டர் மெஷினில் 75 ஆம்ப். கண்ணுக்கு அப்பா காலத்துக் கைப்பிடி ஷீல்டு.

மூலையைச் சரிபார்த்து டேக் வைக்க, அதாவது ஒரு பொட்டு வெல்டிங்கில் சட்டத்தைத் தற்காலிகமாகப் பிடிக்க வைக்க, இரண்டு கை வேண்டும். ஒரு கையில் ராடு, இன்னொரு கையில் சட்டம். ஷீல்டை எந்தக் கையில் பிடிப்பது? 'ஒரு பொட்டுதானே' என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டும் தட்டினேன். அன்று மாலைக்குள் அப்படி முப்பது, நாற்பது பொட்டு இருக்கும். ஒன்றும் ஆகவில்லை. குளித்தேன், சாப்பிட்டேன், படுத்தேன்.

இரவு இரண்டு மணிக்கு இரண்டு கண்ணிலும் யாரோ மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல். தண்ணீர் கொட்டுகிறது, இமையைத் திறக்க முடியவில்லை, அறை விளக்கைப் போட்டதும் கத்திவிட்டேன். அம்மா உடனே, 'பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை பெற்றிருக்கிறாள், தாய்ப்பால் வாங்கி விடலாம்' என்றார். மனைவி கேட்கவில்லை, காரை எடுத்துவிட்டாள்.

அவசரப் பிரிவில் டாக்டர் ஒரு சாயத்தை விட்டு நீல விளக்கில் பார்த்தார். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கிறதாம். வெயிலில் தோல் கருகுவதுபோலத்தான், ஆனால் வலி சில மணி நேரம் கழித்துத்தான் வரும் என்றார். மரத்துப்போகும் சொட்டு மருந்து ஒன்று விட்டார், ஒரு நிமிடத்தில் சொர்க்கம். அதை வீட்டுக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கொடுக்கவே மாட்டேன் என்றார். அதைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறாமல் கெட்டுப்போகுமாம். கிருமி வராமல் இருக்க வேறு மருந்து கொடுத்தார். இரண்டு நாள் இருட்டறையில் கிடந்தேன், அப்புறம் சரியாகிவிட்டது.

மூடிய இமை காப்பாற்றும் என்று நம்பினேன். தட்டும் கணத்துக்கு முன்னால் இமை முழுதாக மூடியிருந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? இனி ஹெல்மெட் இல்லாமல் வேலை இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். கடைக்குப் போனால் 60 வெள்ளிக்கும் இருக்கிறது, 1,000 வெள்ளிக்கு மேலும் இருக்கிறது. தானாக இருட்டாகும் ஆட்டோ வகை எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. வீட்டு வேலைக்கு எதைப் பார்த்து வாங்குவது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.


பிறையிலிருந்து

தம்பி, நல்ல வேளை மனைவி தாய்ப்பால் கதையைக் கேட்கவில்லை. நான் மாக் மண்டின் பக்கம் பட்டறைகளில் 22 வருடம் வெல்டிங் செய்தவன். எனக்கும் மூன்று முறை கண் இப்படிச் சுட்டிருக்கிறது. மூன்று முறையும் ஹெல்மெட் என்னிடம் இருந்தது. தலையில் இருந்தாலும் மேலே தூக்கி விட்டிருந்தேன். ஏன் தூக்கினேன்? உள்ளேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அதனால் எதை வாங்கினாலும் முதல் கேள்வி இதுதான்: போட்டுக்கொண்டால் உனக்கு நன்றாகத் தெரிகிறதா?

கடைக்காரர்கள் எல்லாரும் வேகத்தைச் சொல்லி விற்பார்கள். நொடியில் 25,000-ல் ஒரு பங்கில் இருட்டாகும் என்பார்கள். வேகம் வேண்டும்தான், மெதுவானதைப் போட்டு நாள் முழுக்க டேக் வைத்தால் சாயங்காலம் கண் களைத்துப்போகும். ஆனால் உன்னைச் சுட்ட புற ஊதாக் கதிருக்கும் அந்த வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஒழுங்கான கண்ணாடியில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் அடுக்கு எப்போதும் வேலை செய்யும். பேட்டரி செத்திருந்தாலும் தடுக்கும். இருட்டாவது கண் கூசாமல் இருக்கத்தான். இந்த ஒன்று தெரியாமல் எத்தனையோ பேர் வேகத்துக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் சின்னதாக அச்சடித்திருப்பதைப் படி. ஐரோப்பிய முறையில் ஈ.என். 379 என்று இருந்தால் அதோடு 1/1/1/2 மாதிரி நான்கு எண் வரும். காட்சி எவ்வளவு தெளிவு, மங்கல் எவ்வளவு, கண்ணாடி முழுக்க இருட்டு ஒரே சீராக இருக்கிறதா, சாய்வாகப் பார்த்தால் மாறுகிறதா என்று அந்த நான்கும் சொல்லும். 1 நல்லது, 3 மோசம். கடைசி எண் 1 ஆக இருந்தால் விலை ஏறும், ஆனால் தரையில் குனிந்து பக்கவாட்டில் பார்க்கும் வீட்டு வேலைக்கு அந்தக் கடைசி எண்தான் முக்கியம் என்பேன். அமெரிக்க முறையில் வந்தால் இசட்87.1 என்று போட்டிருக்கும். ஒரு எழுத்தும் இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் கீழே வைத்துவிட்டு வா.

அந்த எண்களுக்கு முன்னால் 4/9-13 என்றோ 3/9-13 என்றோ இருக்கும். முதல் எண், இருட்டாகாதபோது கண்ணாடி எந்த அளவு கருப்பு என்பது. 3 என்றால் சுமார் 14 சதவீத வெளிச்சம் உள்ளே வரும். 4 என்றால் 5 சதவீதம்தான். ஒரு எண் வித்தியாசம், ஆனால் இரண்டரை மடங்குக்கு மேல்! மாலை ஆறு மணிக்கு வாசலில் வேலை செய்தால் இந்த வித்தியாசம் தெரியும். 4 போட்டவன் ராடை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹெல்மெட்டைத் தூக்குவான். அங்கேதான் ஆரம்பிக்கிறது எல்லாம்.

பின்னால் வரும் 9-13, இருட்டானபின் வைத்துக்கொள்ளக்கூடிய கருப்பு எண்கள். உன் 75 ஆம்புக்கு 10 போதும். தெரியவில்லை என்றால் 9, கூசினால் 11. 160 ஆம்புக்கு மேலே போகும்போது 11, 12 வைத்துக்கொள்.

வெல்டிங் வெளிச்சத்தைக் கண்டு கண்ணாடியை இருட்டாக்கும் சென்சார் நான்கு உள்ளதாகப் பார். ஒருமுறை லாரிக்கு அடியில் படுத்து பிராக்கெட் அடித்தேன். இரண்டு சென்சார் வைத்த ஹெல்மெட். ஒரு பைப் குறுக்கே வந்து இரண்டையும் மறைத்துவிட்டது, வெளிச்சம் அப்படியே முகத்தில் அடித்தது. நான்கு இருந்திருந்தால் ஏதாவது ஒன்றாவது பார்த்திருக்கும்.

இன்னொன்று, நீ சொன்ன ஹாலோ ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசியதா? பூசியது என்றால் பற்ற வைக்கிற இடத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிடு, காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நில், மாஸ்க் போடு. அந்த வெள்ளைப் புகை இரவில் குளிர்காய்ச்சல் கொண்டுவரும். பால் குடித்தால் சரியாகும் என்பதை நம்பாதே. ஹெல்மெட் புகையைத் தடுக்காது.


செபராங் ஜெயாவிலிருந்து

அண்ணன் சொன்ன 'தெரிகிறதா' என்ற கேள்வியோடு நானும் ஒன்றரை வருடம் போராடினேன். எனக்கு 53 வயது. பூந்தொட்டி ஸ்டாண்டு, கோலப் பலகைக்குச் சட்டம் என்று செய்து விற்கிறேன். வெல்டிங் கற்றுக்கொண்டது என் தம்பியிடம். என் வெல்டிங் தையல் எப்போதும் கோட்டை விட்டு வெளியே ஓடும். கை நடுங்குகிறது என்றே நினைத்தேன், வெட்கமாக இருந்தது. தம்பிதான் ஒருநாள், 'அக்கா, நீ பேப்பர் படிக்கும்போது வேறு கண்ணாடி போடுகிறாய், வெல்டிங்குக்கு அதை ஏன் போடவில்லை?' என்று கேட்டான்.

என் தூரப் பார்வைக் கண்ணாடியைப் போட்டுத்தான் ஹெல்மெட் அணிந்துகொண்டிருந்தேன். உருகும் இரும்புக் குழம்பு இருப்பதோ ஒன்றரை அடியில்! ஹெல்மெட்டுக்குள் செருகும் உருப்பெருக்கி வில்லை தனியாகக் கிடைக்கிறது, 1.0, 1.5, 2.0, 2.5 என்று எண் இருக்கும். நான் 1.5 போட்டேன். முதல் தடவை குழம்பின் விளிம்பு தெரிந்தது, கசடு பின்னால் ஓடுவது தெரிந்தது. அழுதே விட்டேன். ஆனால் எல்லா ஹெல்மெட்டிலும் அதற்குப் பள்ளம் இருக்காது. நாற்பது தாண்டியவர்கள் வாங்கும்போது அதைக் கட்டாயம் கேளுங்கள்.

கொண்டை போடுகிற பெண்களுக்கு ஒரு சொல். தலைப்பட்டையின் பின்பகுதி கொண்டைக்கு மேலே ஏறி நின்றால் குனியும்போது ஹெல்மெட் நழுவும். கீழே தாழ்த்தி ஜடை போட்டுவிட்டு கடையிலேயே அணிந்து குனிந்து பாருங்கள். அரை கிலோவுக்குக் குறைவாக இருப்பது நல்லது, என் முதல் ஹெல்மெட்டைப் போட்டு ஒரு மணி நேரத்தில் கழுத்து இறுகிவிடும். நெற்றியில் வியர்வை உறிஞ்சும் பட்டை கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வாரத்தில் நாற்றம் எடுக்கும். நான் மூன்று வைத்து மாற்றிக்கொள்கிறேன்.

வெள்ளைச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பின்பக்க வெளிச்சம் ஹெல்மெட்டுக்குள் புகுந்து கண்ணாடியில் என் மூக்கே தெரிகிறது. ஒரு பழைய கைலியைப் பின்னால் தொங்கவிட்டேன். தீர்ந்தது.


கோலாலம்பூர் செந்தூலிலிருந்து

நான் பினாங்கு இல்லை, பரவாயில்லையா? மோட்டார் சைக்கிள் எக்ஸாஸ்ட் பைப்பை டிக் (TIG) வெல்டிங் முறையில் செய்கிறேன். மெல்லிய ஸ்டெயின்லெஸ், 30 ஆம்ப், சில இடத்தில் அதற்கும் கீழே. 80 வெள்ளிக்கு ஆன்லைனில் வாங்கிய ஹெல்மெட் ராடு வெல்டிங்குக்கு ஒழுங்காக வேலை செய்தது. டிக்கில் போட்டால் இருட்டாகும், தெளியும், இருட்டாகும், தெளியும். மின்வில், அதாவது வெல்டிங் சுடர், அவ்வளவு சின்னது, சென்சாருக்குத் தெரியவில்லை. இரவு தலைவலி. உணர்திறன் குமிழைக் கடைசிவரை திருப்பினால் கூரை ஓட்டைவழி வரும் வெயிலுக்கே இருட்டாகிவிடும்.

அப்புறம் காசு சேர்த்து, டிக்கில் குறைந்தது எத்தனை ஆம்ப் இருந்தால் வேலை செய்யும் என்று அட்டையில் எழுதியிருந்த ஒன்றை வாங்கினேன். 5 ஆம்ப் என்று போட்டிருந்தது. மினுக்கல் நின்றுவிட்டது. ராடு மட்டும் அடிப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை அண்ணே, ஆனால் நாளைக்கு டிக் மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசியுங்கள்.

பேட்டரியையும் பாருங்கள். அந்த 80 வெள்ளி ஹெல்மெட்டில் சோலார் தகடு இருந்தது, உள்ளே இருந்த பேட்டரியை மாற்ற வழியே இல்லாமல் ஒட்டியிருந்தார்கள். இரண்டு வருடத்தில் செத்தது, முழுதையும் தூக்கிப் போட்டேன். இப்போதுள்ளதில் வட்டப் பேட்டரி, சி.ஆர். 2450, கடிகாரக் கடையிலேயே கிடைக்கிறது.

வேலை தொடங்குவதற்கு முன் தினமும் லைட்டரை சென்சாருக்கு நேராகத் தட்டிப் பார்ப்பேன். பல ஹெல்மெட்டுகள் அந்தப் பொறிக்கே இருட்டாகும்.


மறுபடியும் பாயான் பாரு

எல்லாருக்கும் நன்றி. பட்டர்வொர்த் போய் வாங்கிவிட்டேன், 290 வெள்ளி. பிறை அண்ணன் சொன்னபடி சட்டத்தில் எழுத்தைத் தேடினேன்: 3/5-13, 1/1/1/1. நான்கு சென்சார், மாற்றக்கூடிய பேட்டரி, கிரைண்டர் பிடிக்கும்போது இருட்டாகாமல் வைக்க வெளிப்பக்கமே ஒரு பொத்தான். இந்தப் பொத்தான் வந்த பிறகு தேய்ப்பதற்காக ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை. கடையில் மூன்று ஹெல்மெட்டைப் போட்டுக் குனிந்து, நிமிர்ந்து, அண்ணாந்து பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாக இருந்தார்.

முதல் நாளே ஒரு வித்தியாசம். டேக் வைத்துவிட்டு அடுத்த மூலைக்கு நகரும்போது கண்ணாடி தெளிய நேரம் எடுத்தது, நான் தடவிக்கொண்டு போனேன். தாமதக் குமிழ் அதிகபட்சத்தில் இருந்திருக்கிறது, ஒரு நொடி. குறைத்து வைத்ததும் மூலைக்கு மூலை சரளமாகப் போனது. நீளமான தையலுக்கு மட்டும் திரும்பக் கூட்டிக்கொள்கிறேன், தையல் முடிந்தபின்பும் குழம்பு கொஞ்ச நேரம் கண்ணைப் பறிக்கிறது.

வெளிப்பக்கத்துப் பாலிகார்பனேட் தகடு ஐந்து சேர்த்து வாங்கினேன். பொறி தெறித்துப் புள்ளி விழுந்ததும் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி தெரியாமல் போய் மறுபடி தூக்கத்தான் தோன்றும். காரில் வெயிலில் வைப்பதில்லை. பழைய தலையணை உறையில் போட்டு அறையில் மாட்டியிருக்கிறேன்.

மறந்த ஒன்று. பனியனோடு வேலை செய்ததில் கழுத்துக்குக் கீழே முக்கோணமாகத் தோல் சிவந்து உரிந்தது. இப்போது காலர் வரை பட்டன் போட்ட பருத்திச் சட்டைதான்.

பெரிய அக்கா மகன், 14 வயது, கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான். விரட்டினால் ஜன்னலுக்குப் போகிறான். அதனால் கேட் பக்கம் ஒரு ப்ளைவுட் தட்டி நிறுத்தினேன், அவனுக்கும் தனியாக ஒரு ஹெல்மெட் வாங்கினேன். சாதாரணமானது, எப்போதும் கருப்பாகவே இருக்கும் 10-ஆம் எண் கண்ணாடி, 35 வெள்ளி. பார்ப்பதற்கு அது போதும். சனிக்கிழமை இன்னொரு சட்டம் இருக்கிறது, அவன்தான் மூலைமட்டம் பிடிக்கப் போகிறான்.