நிலாவெளியில் 4 இரவு, ஜூலை மாதம்: பிள்ளைகளும் அம்மாவும் உடன்

சென்னைவாசி:
ஜூலை இரண்டாம் வாரம் திருகோணமலைப் பக்கம் 4 இரவு தங்குகிறோம். நாங்கள் இருவர், 7, 10 வயதில் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா. சந்தடி இல்லாத கடற்கரை வேண்டும். கோணேசர் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் ஒரு மாலை போய்வர முடிய வேண்டும். நிலாவெளியா, உப்புவெளியா? பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா? நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்கு (Pigeon Island) அம்மாவைக் கூட்டிப்போகலாமா? காற்றடைத்த மிதவையும் டியூபும் இங்கிருந்தே எடுத்து வரலாம் என்று இருக்கிறோம்.

திருமலையான்:
அமைதிதான் முதல் தேவையென்றால் நிலாவெளி. டவுனிலிருந்து புல்மோட்டை ரோட்டில் வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். உப்புவெளி அதே ரோட்டில் பாதி தூரம்கூட வராது. கரையோடு சாப்பாட்டுக் கடைகள் இருக்கு, இரவில் பாட்டுச் சத்தமும் இருக்கும்.

நிலாவெளியில் விடுதிகள் தள்ளித் தள்ளித்தான். பொழுதுபட்ட பிறகு நடந்து போய்ச் சாப்பாட்டுக் கடை தேடுகிற இடமில்லை. பதிவு செய்ய முன்னம் விடுதியிடம் இரண்டு விஷயம் கேளுங்கோ: இராச்சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குள் சொல்லிவைக்க வேணும், அறை வாசலிலிருந்து கடல் மணலுக்கு எத்தனை நிமிட நடை. கடற்கரை விடுதி என்று பெயர் வைத்தாலும் சிலது ரோட்டுக்கு மறுபக்கம் இருக்கும். அம்மாவுக்காக இதை வரைபடத்திலும் பார்த்துக்கொள்ளுங்கோ.

கோயிலுக்குப் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போங்கோ. உச்சிப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற கல்லும் அந்த நேரம் கொதிக்கும். பாதை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால், உள்ளே இராணுவ முகாம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேயும். தின்பண்டப் பை கையில் தொங்கினால் வாய் வைக்கும், பிள்ளைகளிடம் கொடுக்காதேங்கோ. கோயிலடியில் இருக்கிற பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்துவிட்டு இறங்கினால் டச்சு பே கடற்கரையில் ஊரே காற்று வாங்கிக்கொண்டிருக்கும்.

ஓட்டோவுக்கு "நின்று கூட்டிவர" என்று போய்வரும் விலையை ஒன்றாகப் பேசுங்கோ. போக மட்டும் பேசினால் இரவில் டவுனிலிருந்து நிலாவெளிக்கு வர ஆள் பிடிப்பது கஷ்டம், வந்தாலும் வெறுமையாகத் திரும்பும் கூலியையும் கேட்பார்கள். பகலில் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று போர்டு போட்ட எந்த பஸ்ஸும் சரி. பொழுதுபட்டால் பஸ்ஸை நம்பவேண்டாம். காசும் டவுனிலேயே எடுத்துவிடுங்கோ.

கரைவலை:
மிதவையும் டியூபும் தயவுசெய்து வேண்டாம். ஜூலையில் இங்கே அடிப்பது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி, தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அதனால் கரையோரம் குளம் மாதிரி இருக்கும். ஆபத்தே அந்த அமைதிதான். காற்றடைத்த சாமான் தண்ணீருக்கு மேலே நிற்பதால் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். பிள்ளை ஏறிய கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டாத தூரம் போய்விடும். துரத்தி நீந்துகிற பெரியவர் நடுவழியில் களைத்துப்போவார்.

பிள்ளைகளின் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட்டை அங்கிருந்தே கொண்டு வாருங்கள். கொக்கிகளைப் போட்டபின் தோள்பட்டியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிது. தண்ணீரில் இறங்குமுன் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி காய்ந்த மணலை இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டக்கூடாது, பெரியவர் ஒருவர் அவர்களுக்குக் கடல் பக்கமாக நிற்க வேண்டும்.

காலையில் கரைவலை இழுத்தால் பார்க்க நல்லாயிருக்கும், ஆனால் வலை வளைத்திருக்கும் பகுதிக்குள் குளிக்கக்கூடாது. மணலில் தொய்ந்து கிடக்கிற கம்பாக் கயிறு (வலையை இழுக்கும் கயிறு) ஒரே இழுப்பில் முழங்கால் உயரத்துக்கு விறைத்து எழும்பும். தாண்டாமல், இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள்.

பார்மீன்:
புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. ஆளுக்கு நுழைவுக் கட்டணம், குழுவுக்குச் சேவைக் கட்டணம், வரி, அதற்குமேல் படகுக் கூலி என்று தனித்தனியாக வரும். வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. படகுக்காரர் சொல்லும் தொகையில் டிக்கெட்டும் சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள், தகராறு வருவது பெரும்பாலும் இதில்தான். வார நாளில் முதல் படகில் போங்கள். போயா (பௌர்ணமி) விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் அந்தச் சின்னக் கரை நிறைந்துவிடும், தண்ணீரும் கலங்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் விட்டுவிடுவது நல்லது. படகு 10, 15 நிமிடம்தான். ஏறுவதும் இறங்குவதும்தான் பாடு. ஆடுகிற படகின் விளிம்பைக் காலைத் தூக்கித் தாண்டித் தண்ணீரில் இறங்க வேண்டும். கரை முழுக்க விரல் தடிமனில் உடைந்த பவளக் குச்சிகள், வெறுங்காலில் குத்தும். எல்லோருக்கும் பின்பட்டி வைத்த ரப்பர் செருப்பு வேண்டும்.

தண்ணீருக்குள் பவளம் பார்க்கப் போடும் முகக்கண்ணாடியைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. ஒரு முடிக்கற்றை உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும். பிள்ளைகள் முதல் நாள் நிலாவெளி மணற்கரையில் குழாயால் மூச்சுவிடப் பழகட்டும். பழகாதவர்கள் தண்ணீர் மூக்கில் ஏறியதும் பதறிக் காலூன்றுவார்கள், காலடியில் இருப்பது உயிருள்ள பவளம். முறிந்தால் அது மீள வருடக்கணக்காகும். துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் தென்படலாம். துரத்தாமல் இருந்தால் அவையே விலகிப் போகும். கவிழ்ந்து மிதக்கையில் முதுகும் முழங்காலின் பின்புறமும் வெந்துவிடும். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள்.

சென்னைவாசி:
மிக்க நன்றி. மிதவையை விட்டுவிடுகிறோம். நாங்கள் தீவுக்குப் போகும் காலையில் அம்மா கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாமா? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மதியம் 12 மணிக்கு இறங்குகிறோம், அன்றே நிலாவெளி வந்துவிடலாமா?

திருமலையான்:
வெளியே வர 1 மணி தாண்டும், பிறகு ஏறத்தாழ 6 மணித்தியால ஓட்டம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டிய பிறகு யானை ரோட்டைக் கடக்கும். அன்றிரவு தம்புள்ளையில் தங்கிவிட்டு விடிய வெளிக்கிடுங்கோ.

கன்னியா அம்மாவுக்கு நல்ல இடம். டவுனிலிருந்து அனுராதபுரம் ரோட்டால் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் அள்ளித்தான் குளிப்பது. முதலில் காலில் ஊற்றிப் பார்த்து, சூடு குறைந்த கிணற்றில் தொடங்கச் சொல்லுங்கோ. சுற்றிக் கட்டிய தரை ஈரத்தில் வழுக்கும், துணைக்கு ஒருவர் கைபிடிக்க வேணும். அதனால் தீவுக்குப் போகிற காலையில் தனியாக அனுப்பாமல், கோயிலுக்குப் போகிற அன்று விடியற்காலையிலேயே எல்லோருமாகப் போய்வாருங்கோ.